படத்தில் சாகிற வினாயகமூர்த்தி

தோணிக்குள் மல்லாந்து கிடக்கிறார் வினாயகமூர்த்தி அண்ணன். வாய் பாதி திறந்திருக்கிறது. மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசைவில்லை. பதறிப்போய்க் கரையில் நின்று கூப்பிட்டேன்.

"கத்தாதடா தம்பி, செத்துப் பாக்கிறன்" என்றார்.

ஆரையம்பதியில் வாவி மீன் பிடிப்பது அவருக்குத் தொழில். கொழும்பிலிருந்து சிங்களப் படக்காரர் வந்தால் சாவது உபதொழில். முதலில் துவக்கால் சுட்டுக்கொண்டு ஓடி வந்து சாகிறவராக எடுத்தார்கள். சண்டை முடிந்ததும் அகதி முகாமில் சாகிறவரானார். பிறகு நல்லிணக்கப் படங்கள் வந்தன. அதில் சிங்களக் கதாநாயகனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவனைக் காப்பாற்றப் போய்ச் செத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுசனை எத்தனை தரம்தான் கொல்லுவது!

ஒருமுறை முஸ்லிம் கிழவர் வேடம். காத்தான்குடிப் புடவைக்கடைப் பாறூக்கிடம் தொப்பி இரவல் கேட்கப் போனார்.

"அத்தர் விக்கிற ஆளா?"

"ஓம். வித்துப்போட்டு மறுகா கலவரத்தில சாகிறன்."

பாறூக் தலையில் அடித்துக்கொண்டார். "படத்தில எங்கட ஆக்களுக்கு அத்தர் விக்கிறத விட்டா வேற தொழிலே இல்லியா?" என்றாலும் தொப்பியைக் கொடுத்தார். "சாகக்குள்ள கழட்டி வைங்க. ரெத்தச் சாயம் பட்டாப் போகா."

அண்ணனின் மனைவி மங்கையற்கரசி அக்காவோ துடக்கு, தீட்டுப் பார்க்கிறவர். படத்தில் செத்தாலும் சாவு சாவுதான். படப்பிடிப்பு முடிந்து வந்தால் வாசலில் வாளித் தண்ணீரோடு நிற்பார். முழுகாமல் உள்ளே விடமாட்டார், மழையானாலும் காய்ச்சலானாலும்.

தோணி ஒத்திகையைப் பற்றி யாரோ அவரிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அன்று அக்கா அழுதேவிட்டார். "தாலியக் கழுத்தில போட்டுக்கிட்டு எத்தின தரம் நான் தாலியறுக்கிற? இது என்ட சீதன ஊடு. இன்னொரு தரம் செத்தீங்கண்டா உள்ள வரவேணாம்."

மறுநாள் படப்பிடிப்புக்குத் துணையாக நானும் போனேன். இயக்குநர், தமிழ் படித்த சிங்கள இளைஞன். அண்ணன் அவனிடம் நேரே போய், "நான் சாகமாட்டன்" என்றார்.

"சாகாம என்ன செய்வீங்க?"

"மீன் பிடிப்பன். பீடி குடிப்பன். பொஞ்சாதியோட சண்ட பிடிப்பன். நாங்க இஞ்ச அதத்தானே செய்யிற?"

இளைஞன் பேனா மூடியைக் கடித்தான். பிறகு, "அந்தச் சண்டைய இப்ப பிடிங்க பாப்பம்" என்று கமராவைத் திருப்பச் சொன்னான். அண்ணன் பிடித்தாரே ஒரு சண்டை! அக்காவின் பேச்சை அப்படியே பேசிக் காட்டிவிட்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். வாசலில் அக்கா, கையில் வாளி.

"சாகல்ல புள்ள, மெய்யாத்தான்" என்றார் அண்ணன்.

அக்கா நம்பவில்லை. சட்டைக் கழுத்தைப் புரட்டிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் விரலால் தேய்த்துப் பார்த்தார். சிவப்புச் சாயம் எங்கும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் அக்கா, கடைசி மட்டும் உசிரோடதான் இரிந்தார்" என்றேன்.

அக்கா வாளித் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலை விட்டு விலகி நின்றார்.