நண்டின் ரத்தத்தில் ஒரு படை

அடுக்களையில் ‘சடக்’கென்று ஏதோ ஒடிந்தது. கூடத்தில் மெய்யநாதன் செட்டியாருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த மாயக்கண்ணன் வாத்தியாருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஓடினார். மனைவி சோலையம்மாள் கையில் நண்டு. அதன் இரண்டு கால்கள் சட்டிக்குள்!

“அடிப் பாவி! அது காலையில நான் ஊசியால மை ஏத்துன நண்டுடீ!”

“விருந்தாளி வந்திருக்காக, குழம்பு வைக்க வேணாமா? நண்டு நெத்தியில எழுதியா ஒட்டியிருந்தீக?”

உழவர் வீட்டில் பிறந்து, தினம் ஆறு மைல் நடந்து படித்து, தேவகோட்டையில் விஞ்ஞான வாத்தியாரானவர் மாயக்கண்ணன். பிள்ளையில்லாத அவருக்கு, செட்டியார் ரங்கூனிலிருந்து வாங்கிவந்து பள்ளிக்குக் கொடுத்த மைக்ராஸ்கோப்தான் பிள்ளை. கோடை விடுமுறைக்கு அதை வீட்டில் வைத்திருந்தார். ‘சும்மா கிடக்கிற சாமான், என் மகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு அன்பளிப்பாகப் போகட்டும்’ என்று அதை எடுத்துப்போகவே செட்டியார் வந்திருந்தார். அது சும்மா கிடக்கவில்லையென்று இன்றே காட்டியாக வேண்டும். தொண்டியிலிருந்து ஈரச் சாக்கில் வந்த ஆறு நண்டுகளில் பிழைத்ததோ இது ஒன்றுதான்!

நல்லவேளை, கொடுக்கு அசைந்தது. ஒரு கையில் ஊசியோடு மறு கையால் அதைப் பிடிக்கப் பார்த்தார்; நழுவியது.

“தள்ளுங்க அங்குட்டு” என்று சோலையம்மாளே நண்டை அழுத்திப் பிடித்தாள். கால் மூட்டில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சிவப்பில்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. உறைவதற்குள் கண்ணாடித் துண்டில் பரப்பி, கூடத்திலிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

செட்டியார் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார்.

“என் இமைமயிரு தவிர ஒண்ணுந் தெரியலையே வாத்தியாரே!”

மாயக்கண்ணன் திருகாணியைத் திருப்பினார்.

“அட, உருண்டை உருண்டையா... உள்ள கறுப்புப் புள்ளி!”

“அது நான் ஏத்துன மைங்க. அந்நியம்னு தெரிஞ்சு அந்த ரத்த அணுவெல்லாம் முழுங்கியிருக்கு. கிருமி நுழைஞ்சாலும் இப்படித்தான் முழுங்கும்.”

“நம்ம ரத்தத்துல?”

“வெள்ளணுன்னு இருக்குங்க. அதுக்கும் இதே வேலை.”

செட்டியார் நிமிரவில்லை. ஆணி குத்திப் புரையோடிய காலோடு ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள் அவர் மகள் நாச்சியம்மை.

“நாச்சிக்குள்ளயுமா இருக்கு?” என்றார்.

“இந்நேரம் சண்டை போட்டுக்கிட்டிருக்கும். டாக்டரும் கூட நிக்கிறாரு. தைரியமா இருங்கய்யா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செட்டியார் எழுந்தார்.

“டாக்டருக்கு வேற ஏதாச்சும் குடுத்துக்கிறேன். இத எல்லாப் புள்ளைகளுக்கும் காட்டுங்க.”

“சாப்பிடாமப் போறீகளே!” என்றாள் சோலையம்மாள்.

“நாச்சிகிட்ட மொதல்ல இதச் சொல்லணும் ஆத்தா.”

வாலிபனைப் போல வாசல்படி இறங்கி அவர் வண்டியேறினார். சோலையம்மாள் கதவைச் சாத்தினாள்.