பாதி வந்த சென்சார்

கார் மெக்கானிக் வேலையில் ஒரே ஒரு கஷ்டம்தான்: காரை யாரும் தனியாக அனுப்புவதில்லை, கூடவே வந்துவிடுகிறார்கள். எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டும்போது, பின்னால் நின்று யாராவது "இடப்பக்கமாத் திருப்பணும்" என்று சொல்லக் கேட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜொலித்த பிள்ளையார்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஒரு பழைய கார் வந்தது. ஓட்டி வந்தவர் மாமி. முன் சீட்டில் அவர் கணவர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மறுபதிவுச் சோதனை. அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். புகைப் பரிசோதனையிலோ வண்டி தோற்றுவிட்டது. சான்றிதழ் இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான். சாமி இன்னொரு கார் வாங்கமாட்டார் என்று மாமி முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் கார் ஓட்டும் ஒரே மாமி இவர். ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் தெருப் பெண்கள் இந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள்.

சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று விரல் நீளத்தில் ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். புகையை மோப்பம் பிடித்து, எவ்வளவு பெட்ரோல் போதும் என்று என்ஜினுக்குச் சொல்வது அதன் வேலை. அது செத்துவிட்டால் ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரியும். "விளக்கு எரியலையா மாமி?" என்று கேட்டேன். எரியவே இல்லை என்றார். குனிந்து பார்த்தேன். விளக்கு இருக்கவேண்டிய இடத்தில், பழவங்காடிக் கோயிலில் பூஜை போட்ட கையோடு ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது. பயபக்தியோடு உரித்தேன். உள்ளே மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மாமி வாயில் கை வைத்தார். "ஆறு மாசமாப் பிள்ளையார் தகதகன்னு ஜொலிச்சிண்டிருக்கார் ஜெபராஜ்! தெருவே வந்து கன்னத்துல போட்டுண்டு போறது!"

அவசரப்படாதவர்

மாமி வண்டியைத் தினமும் சங்குமுகம் கடற்கரையில் நிறுத்திவிட்டுக் காற்று வாங்குவாராம். அவர் வாங்கியதைவிட வண்டி அதிகம் வாங்கியிருந்தது. உப்புக்காற்றில் சென்சார் குழாயோடு ஒட்டிப்பிறந்ததுபோல் ஆகிவிட்டது. ஸ்பானர் போட்டேன், அசையவில்லை. துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

சாமி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு ஃபைலைத் திறந்தார். காருக்கென்று தனி ஃபைல். எண்ணெய் அடித்த நேரத்தைக் குறித்தார். எந்த எண்ணெய், எத்தனை தடவை, யார் சொல்லி அடித்தது என்று கேட்டுக் குறித்தார். சென்சார் கழலும் என்று எழுத்து மூலம் தரமுடியுமா என்றார். மறுபடி ஸ்பானரை எடுத்தால், நாளைக்குப் பார்க்கலாமே என்று கையை நீட்டித் தடுத்தார். திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு காரியத்தையும் அவசரப்பட்டு முடிச்சதில்லையாக்கும், கேட்டீரா!"

சூடு கட்சி, குளிர் கட்சி

சனிக்கிழமை காலை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்து பார்த்தார்கள். இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் உடனே கட்சி பிரியும். சூடு பண்ணித் திருப்பணும் என்று இரண்டு பேர், சூடு பண்ணினால் குழாய் போச்சு என்று இரண்டு பேர். மூன்று முறை டீ வந்தது, சென்சார் வரவில்லை. பக்கத்து ஷெட் வெல்டர் சசி மட்டும், கேஸ் விளக்கால் சூடு காட்டுகிறேன் என்று அமைதியாகச் சொன்னான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷ மெக்கானிக் ஒரு வெல்டரிடம் போய் நிற்பதா? ஸ்பானரின் வாலில் மூன்றடி பைப்பைச் சொருகி, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கையில் சென்சாரின் தலை மட்டும் இருந்தது. திருகு மரை உள்ள பகுதி வளையமாகக் குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. சசி எட்டிப் பார்த்து, மலையாளத்தில் ஆறுதலாகத்தான் சொன்னான்: "பாதி வந்நல்லோ அண்ணாச்சி!"

சாமியின் துக்கம்

சாமியிடம் போய், உடைந்துவிட்டது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷனின் முகம் மலர்ந்துவிட்டது. ஃபைலை மூடினார். என்னை ஓரமாகக் கூட்டிப்போய், வண்டி இனி உதவாது என்று மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டார். அப்போதுதான் நேற்றிலிருந்து அவர் ஏன் நாளைக் கடத்தினார் என்று புரிந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கும் அந்த யோசனை இனித்தது. வண்டி செத்துவிட்டது என்று சொன்னால் நான் உடைத்தது வெளியே தெரியாது. ஆனாலும், ஓடுகிற வண்டியை ஏன் சாமி கொல்லப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "காலம்பற யாரையாவது ஏத்திண்டு போயிடறா. எனக்குக் காபியை நானே போட்டுக்க வேண்டியிருக்கு ஓய்!"

மாமியின் நாற்காலி

மத்தியானம் மாமி வந்தார். சாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான், "மாமி, பைப் போட்டு இழுத்து நான்தான் உடைச்சேன். மிச்சம் உள்ள இருக்கு" என்றேன். சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். இரண்டு நாளில் யோசனை சொல்லாமல் பார்த்த முதல் ஆள் அவர்தான். நிமிர்ந்து, கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். "உடைச்சது நீங்கன்னா எடுக்கறதும் நீங்கதான். எடுங்கோ, நான் இங்கேயே இருக்கேன்."

வளையம்

குழாயைக் கழற்றி மேசையில் வைத்தோம். ரோஷத்தை விட்டுவிட்டு சசியைக் கூப்பிட்டேன். அவன் சூடு காட்டினான். ஆறியபின் ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு, குழாயின் மரையில் படாமல் வளையத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். கை இரண்டும் மரத்துப்போயின. கடைசியில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் வளையம் மடங்கி விழுந்தது. எனக்குக் கண் கலங்கியது; வெட்கப்பட ஒன்றுமில்லை. மரையைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவிப் புதுச் சென்சாரை விரலாலேயே திருகினேன். சாயங்காலமே புகைச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்து சசி கேட்டான்: "இது நேரத்தே செய்யாமாயிருந்நில்லே அண்ணாச்சி? காலையிலேயே முடிஞ்சிருக்குமே!"

திங்கட்கிழமை

சாயங்காலம் வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. மறுபதிவு ஆகிவிட்டது. பின் சீட்டில் மூன்று மாமிகள், கையில் பழத்தட்டோடு. ஆற்றுகால் பகவதி கோயிலுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். இவர்களோடு போக என் கடை வாசலில் காத்திருந்த இன்னொரு வயதான மாமி, முட்டி வலியோடு, ஏற இடமில்லாமல் நின்றார். முன் சீட்டில் ஃபைலோடு சாமி. மாமி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எறங்கிக்கோங்கோ. ஆட்டோல வந்தாப் போறும், அவசரமே இல்லை."

பதினெட்டு வருஷத்தில் நான் எத்தனையோ இறுகிய பாகங்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனையிலும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தது சாமிதான்.