ஆறு மணிப் பந்தி

ஸ்பானர் பையை வாசல் மூலையில் வைத்துவிட்டு, நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மேசையில் தட்டுகளைப் பரப்பிய பிறகுதான் அவர் சட்டையையே மாற்றுவார். வெளியே வெயில் இன்னும் தாழ்ந்திருக்காது. ஆனால் மணி ஆறு. அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு. அந்த நேரம் பார்த்து நண்பர்கள் யாராவது போனில் கூப்பிட்டால், "சாப்பிட்டுட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்பார். "இது நேத்து ராத்திரிச் சாப்பாடா, இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடா?" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவர் பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு நகரத்துத் தமிழர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆறு மணி'. அவர் மனைவி 'ஆறு மணி வீட்டம்மா'.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். அந்த நகரத்தின் பாதி லிஃப்டுகளின் வயிற்றுக்குள் கை விட்டுப் பார்த்தவர், தன் கட்டடத்தில் மட்டும் படியேறித்தான் வீட்டுக்கு வருவார். "நாள் பூரா அதோடதான் குடித்தனம். வீட்டுக்கு வர்றப்பவுமா?" என்பார். மூடுகிற கதவுக்கு நடுவே யாராவது கையைக் கொடுத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "அது மூடணும்னு முடிவு பண்ணிடுச்சு. விட்டுடுங்க. எதுக்குங்க வம்பு பண்றீங்க?"

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கொள்கைதான். அதைக் கற்றுக்கொண்ட இடம், கல்யாணத்துக்கு முன் அவர் வாடகைக்கு இருந்த, அந்த நாட்டுக்காரரான ஒரு பஸ் டிரைவர் வீடு. டிரைவருக்கு விடியும் முன்னே வேலை. அதனால் அந்த வீடு ஆறு மணிக்கு உண்டு, சீக்கிரமே படுத்துவிடும். முதல் நாள் அவரையும் தங்களோடு உட்காரச் சொன்னார்கள். மேசை நடுவில் ஒரே பாத்திரம். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நம்மவர் நம் வழக்கப்படி, இன்னொரு தரம் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில், வேண்டாம் என்றார். பாத்திரம் அவரைத் தாண்டிப் போனது. போனது போனதுதான். அன்று வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

ஆனால் பழகப் பழக அந்த முறை அவருக்குப் பிடித்துவிட்டது. வேண்டுமானதை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். "நிம்மதிங்க. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நம்ம பக்கம் ஒரு கரண்டிச் சோத்த வேணாம்னு சொல்ல வக்கீல் வைக்கணும்" என்று எல்லாரிடமும் சொல்வார். மனைவி வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் அதே சட்டம்தான். ஸ்பூனை மட்டும் அவர் ஏற்கவில்லை. "கை மட்டும் நம்ம கைதான்."

இந்த வீட்டுக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார். மாமியார் போன பிறகு ஊரில் தனியாக இருந்தவர். அப்பாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மகளின் ஆசை. 'வந்து பாக்குறேன்' என்று மட்டும் சொல்லி வந்திருந்தார். சொந்தபந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பது இந்த மாமனார்தான். 'பந்திக்கு முந்து' என்பது மற்றவர்களுக்கு. இவர் ஊரையே உபசரித்துவிட்டுக் கடைசியில் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். சாப்பிட்ட கை காயக் கூடாது என்பது அவர் கட்சி.

மகளுக்கு மருந்துக் கடையில் மாலை ஷிப்ட். ஆறு மணி மேசையில் ஆண்கள் இருவர் மட்டும்.

"இன்னும் கொஞ்சம் சோறு, மாமா?"

"போதும் மாப்ள."

பாத்திரத்தின் மூடி விழும். மாமனார் அந்த மூடியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு எழுந்து கை கழுவப் போய்விடுவார். தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போவது மாப்பிள்ளைக்கு உறுத்தும், சொல்ல மாட்டார். விடுமுறை நாளில் மகள் பரிமாறினால் மட்டும் அப்பா இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார். மகள் கைமணம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மாமனார் தொண்டையைச் செருமினார். "விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. டிக்கெட்ட கொஞ்சம் முன்னாடி மாத்திக் குடுத்துடுங்க மாப்ள."

"சரி மாமா. நாளைக்கு மாத்திடுறேன்."

மறுநாள் காலையில் இது மனைவி காதுக்குப் போயிற்று. "அப்பா போறேன்னாரு, நீங்க சரின்னுட்டீங்களா?"

"அவர்தானே கேட்டாரு?"

அவள் அப்பாவின் கோட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டாள். பையில் பாதி தின்ற பன். "தினம் வாக்கிங் போற வழியில வாங்கித் தின்னுருக்காரு. என் வீட்ல எங்கப்பா பசியோட இருந்திருக்காருங்க."

"நான் தினமும் கேட்டேனே. போதும்னாரே."

"எத்தன தடவ கேட்டீங்க?"

"ஒரு தடவ."

"நம்ம கல்யாணத்துல நீங்க எத்தன தடவ போதும்னீங்க? அப்பா நிறுத்தினாரா?"

நிறுத்தவில்லை. இலையை இரண்டு கையாலும் மறைத்தபோது, விரல் இடுக்கில் பார்த்துப் பரிமாறியவர் அந்த மாமனார். அதோடு சேர்ந்து டிரைவர் வீட்டு முதல் நாள் பசியும் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்பப் போனா திரும்பி வர மாட்டாரு" என்றாள் மனைவி. "அங்க ஒத்தையா உக்காந்து யாருக்குப் பரிமாறுவாரு?"

அன்று மாலை ஆறு மணிக்கு வழக்கம்போலச் சோறும் குழம்பும் மேசைக்கு வந்தன. மாமனார் தட்டு காலியாயிற்று.

"இன்னும் கொஞ்சம், மாமா."

"போதும் மாப்ள."

பழக்க தோஷம், கை பாத்திரத்தை மூட மூடியை எடுத்துவிட்டது. எடுத்த மூடியை அப்படியே கீழே வைத்தார். "இல்ல மாமா, கொஞ்சம்."

"வேணாம் மாப்ள. வயிறு நெறஞ்சிருச்சு."

மூன்றாம் தரம் கேட்பது, மூடுகிற கதவுக்குள் தானே கையைக் கொடுப்பது போல இருந்தது அவருக்கு. அதனால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் எழக் கூடாத மேசையில், பாத்திரத்தோடு சுற்றி வந்து மாமனார் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"என் கையால வாங்கிக்குங்க, மாமா."

மாமனார் தட்டை மறைத்திருந்தார். விரல்கள் நன்றாக விரிந்திருந்தன. கரண்டியை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு ஒசரத்துல புடிச்சா சிந்தும். எறக்கிப் புடிங்க" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. மறுபடியும் சோறு விழுந்தது.

"டிக்கெட்ட மாத்தல, மாமா. இங்கயே இருங்க."

"எதுக்கு மாப்ள, உங்களுக்குச் சிரமம்."

"இருங்க மாமா."

"ஊர்ல வீடு பூட்டிக் கெடக்கு."

"கெடக்கட்டும். இருங்க."

மாமனார் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அவர் தட்டை வழித்து முடித்த பிறகுதான் மாப்பிள்ளை தன் இடத்துக்குத் திரும்பினார். அவர் சோறு ஆறி விறைத்திருந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். எதிரே நாற்காலி நகரும் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கை காயக் கூடாது என்று தினமும் முதல் ஆளாக எழுந்துவிடுகிற மாமனார், பருக்கை ஒட்டிக் காய்ந்த கையைத் தட்டின் மேல் வைத்தபடி, மாப்பிள்ளை கடைசி வாய் எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.