ஒரு நிமிஷம் மேடம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தது. நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயின் வளைவைக் கழற்றினேன். அம்மா டார்ச் பிடித்தாள்.

"என் மூஞ்சில ஏம்மா அடிக்கிற? குழாய்ல அடி."

"ரெண்டுலயும் ஒரே கறுப்பு. எதுன்னு தெரியல."

ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வீட்ல ரெண்டு இன்ஜினியருங்க. தண்ணி போக வழியில்ல."

அம்மா சிரிக்கவில்லை. "அந்த ஒப்பீட்ட வெள்ளிக்கிழம குடுத்தாகணும்டி" என்றாள்.

அம்மா வேலை பார்த்த நிறுவனம், மருத்துவமனைகளில் பில் போடும் மென்பொருளைச் செய்கிறது. தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்று, ஒரு சிறு குழுவுக்குத் தலைவி ஆனவள். அவளுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த இருவர். ஒருவன், கொடுத்த வேலையைப் படித்து முடிப்பதற்குள் "ரெடி மேடம்" என்பான். எங்கள் வீட்டில் அவன் பெயர் ரெடி. இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் அம்மாவின் மேஜைக்கு வந்து "ஒரு நிமிஷம் மேடம்" என்பாள். அந்த நிமிஷம் அரை மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. அவளுக்கு ஒருநிமிஷம் என்றே பெயர் வைத்திருந்தோம்.

நிறுவனம் நிரல் எழுதும் ஏஐ ஒன்றை வாங்கியிருந்தது. மேலாளர் அம்மாவைவிட இளையவர், மரியாதையாகப் பேசுபவர். "ஒரே வேலைய அதுக்கும் குடுங்க, அவங்க ரெண்டு பேருக்கும் குடுங்க மேடம். எவ்வளவு நேரம் ஆச்சு, எத்தன தப்பு வந்துச்சு, அவ்வளவுதான். சும்மா ஒரு ஒப்பீடு."

சும்மா கேட்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். பக்கத்துக் குழுவில் இப்படி ஓர் ஒப்பீடு முடிந்ததும் இரண்டு நாற்காலிகள் காலியாகியிருந்தன. எழுத மாட்டேன் என்று எழுந்து வரவும் முடியாது. அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அது அம்மாவின் வேலையோடு வந்த காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் நிறுவனத்தின் காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை.

ஏஐ மீது அவளுக்குப் பகை எதுவும் இல்லை. "திட்டினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது. பாத்ரூம்ல போய் அழாது. 'நீங்க சொல்றது சரி'ன்னு சொல்லிட்டுத் திருத்திக் குடுத்துடும். உங்கப்பா ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்காரா?"

"நீ சொல்றது சரி" என்றார் அப்பா ஹாலிலிருந்து.

"அப்புறம் என்னம்மா பிரச்சன?"

"நான் தப்பாச் சொன்னாலும் சரின்னுதான் சொல்லுது."

அவள் மூவருக்கும் கொடுத்த வேலை இது: நோயாளி எத்தனை நாள் தங்கினாரோ அத்தனை நாளுக்குப் படுக்கைக் கட்டணம் கணக்கிட வேண்டும். ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டது. சுத்தமான நிரல், பக்கத்தில் அழகான விளக்கம். காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்புகிறவருக்குக் கட்டணம் பூஜ்யம். ரெடி மதியத்துக்குள் கொடுத்தான். அதே நிரல், அதே விளக்கம், அதே பூஜ்யம்.

"அதுகிட்டயே கேட்டு வாங்கியிருக்கான். நான் மெஷினயும் மனுஷனயும் ஒப்பிடல. மெஷினயும் மெஷினயும் ஒப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"மாட்டிவிட வேண்டியதுதானே?"

"மாட்டிவிட்டா அவன் வேல போயிடும். புதுசா கல்யாணம் ஆனவன்டி."

ஒருநிமிஷம் எதையும் எழுதாமல் அம்மாவிடம் வந்தாள். "ஒரு நிமிஷம் மேடம். காலைல வந்து சாயங்காலமே போயிட்டா அது ஒரு நாளா, நாளே இல்லையா?" அம்மாவுக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வர இரண்டு நாள் ஆனது. அரை நாள் கட்டணம் என்றார்கள். அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

"ரெண்டு நாள்னு போட்டா அவ வேல போச்சு. போடலன்னா நான் பொய் சொன்னதா ஆகும். தாமதம் மருத்துவமனையோடது. ஆனா அதுக்கு அந்தத் தாள்ல கட்டமே இல்லையே."

குழாயில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அம்மா டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு விசித்திரமாகத் தெரிந்தால் எண்ணைத் தொடமாட்டோம். பக்கத்தில் காரணத்தைக் குறிப்பாக எழுதிவைப்போம். அடுத்து வருகிறவர் படிப்பார் என்பது நம்பிக்கை. அம்மா அதைத்தான் செய்தாள். நேரம் என்ற கட்டத்தில் இரண்டு நாள் என்று போட்டாள். பிழை என்ற கட்டத்தில் அவளுக்குப் பூஜ்யம், மற்ற இரண்டுக்கும் ஒன்று. பக்கத்தில், கேள்வி கேட்டது இவள் ஒருத்திதான், கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பூஜ்யம் வாடிக்கையாளரிடம் போயிருக்கும் என்று எழுதினாள்.

மேலாளருக்குப் படிக்க நேரமில்லை. சுருக்கம் எழுதித் தரச் சொல்லி அந்தத் தாளை ஏஐயிடமே கொடுத்தார். அது எண்களை எடுத்துக்கொண்டு குறிப்புகளை விட்டுவிட்டது. ஏஐ முதலிடம், ஒரே ஒரு பிழை. ரெடி நல்ல வேகம். மூன்றாமவர் மிகவும் தாமதம்.

அம்மா அவருடைய அறைக்குப் போனாள். வீட்டுக்கு வந்து எங்களிடம் அவரைப் போலவே பேசிக் காட்டினாள். "'எண்ண நீங்கதானே மேடம் போட்டீங்க? அறிக்கையும் உங்க பேர்லதானே போயிருக்கு?' நான் என்னத்தச் சொல்ல? நான்தான் போட்டேன்."

அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் அது அவருடைய சிகிச்சையைப் பற்றிய பேச்சாகிவிடும்.

ஒருநிமிஷத்துக்குத் திங்கட்கிழமை வேலை போனது. அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு நிமிஷம் மேடம், நான் எதுல தப்பு பண்ணேன்?" என்று அவள் கேட்டாளாம். தப்பே பண்ணலம்மா என்று சொல்லத்தான் அம்மாவால் முடிந்தது.

அம்மாவோடு முன்பு வேலை பார்த்த அக்கா ஒருவர் இப்போது தனியாக ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறார். எழுதிக் கேட்டால் பதில் போடமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். நேரில் போய் உட்கார்ந்துவிட்டால் காது கொடுப்பார். "சனிக்கிழம நானே போய் உன்னப் பத்திப் பேசுறேன்" என்று அம்மா அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம், அலுவலக மாடிப்படியில் அம்மா விழுந்தாள். இதயம். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்களில் ரெடி நிறைய அழுதான். மேலாளர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காப்பீடு இந்த மாதக் கடைசி வரைக்கும் இருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். ஒருநிமிஷம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ் முறை. நான் அவரோடு போனேன். ஊசி ஏறியதும், "உங்கம்மா இன்னைக்கு எங்கயோ போகணும்னாளே?" என்றார்.

அங்கே நான் போகலாம். ஆனால் அந்த அக்கா, ஒருநிமிஷம் எப்படி வேலை செய்வாள் என்றுதான் கேட்பார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அம்மா ஒருத்திதான்.