கத்தியை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடிப்பார்

எங்கள் அப்பா பிள்ளைப்பாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். அதிர்ந்து பேசாதவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று இம்மாதிரி நினைவு மலர்களில் எழுதுவார்கள். அப்பாவை அப்படி எழுதினால் உறவினர்களாகிய நீங்களே சிரித்துவிடுவீர்கள். அப்பா அடிப்பார். கண்மண் தெரியாமல் அடிப்பார். மகளாகிய நான் அதை மறைக்கப் போவதில்லை. ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும்.

ஐ.டி.ஐ. முடித்து ஊரில் வீடு வீடாக ஒயரிங் வேலை செய்தார். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்ததும் ஒன்றில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தார். சினிமா, சிகரெட் எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கத்தி. எலக்ட்ரீசியன்கள் பாக்கெட்டில் வைத்திருப்பார்களே, அந்த மடக்குக் கத்தி. மரப்பிடி போட்டது, மாட்டுக்கொம்புப் பிடி போட்டது, கூடவே ஸ்க்ரூ டிரைவரும் மடங்கியிருப்பது, கேபிள் தோலை உரிக்க மூக்கு வளைந்தது என்று முப்பத்தேழு சேர்த்திருந்தார். பழைய இரும்புக் கடைகளில் தேடியும், ரிட்டயர் ஆனவர்களிடம் கெஞ்சியும் வாங்கியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சேலையை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுவார். நாங்கள் தொடக்கூடாது.

மற்றவர்கள் எதை வைத்து வேலை செய்தாலும் அப்பாவுக்குக் கத்திதான். "பென்சில் சீவற மாதிரி சாய்ச்சு சீவணும். நேரா வெட்டனா செம்புல கீறல் வுழும், அப்பாலிக்கா அங்கதான் சூடாவும்" என்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை எங்களிடம் காட்டியிருக்கலாம்.

இளவயதில் சித்தப்பாவோடு ஒரு சண்டை. ஒயர் சீவிக்கொண்டிருந்த கத்தி கையில் இருப்பதையே மறந்து அப்பா கையை ஓங்கிவிட்டார். சித்தப்பாவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துவிட்டது. லுங்கியைக் கிழித்துக் கட்டி, அழுதுகொண்டே தூக்கிக்கொண்டு ஓடியவரும் அப்பாதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கோபம் தலைக்கேறினால் முதலில் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுப்பார். மடக்கியபடியே ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். அதற்குப் பிறகுதான் அடி விழும். கத்தி ஃபிரிட்ஜ் மேல் போனதென்றால் அம்மாவும் நானும் வாசலைப் பார்ப்போம். வெளியே சண்டை என்றால் பக்கத்தில் நிற்பவரிடம் "இத்த புடி" என்று கொடுத்துவிட்டுப் பாய்வார். அம்மாவின் முன்பல் போனது அவர் கையால்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அம்மா உங்களிடம் சொன்னார். நீங்களும் நம்பியது போல இருந்துகொண்டீர்கள்.

போன வருடம், அப்பாவோடு வேலை செய்த சேகர் அண்ணன் பேனலுக்குள் கை விட்டிருந்த நேரத்தில், காண்டிராக்டரின் சூப்பர்வைசர் உற்பத்தி நிற்கிறதே என்று மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டான். சேகர் அண்ணனின் இரண்டு கையும் முழங்கை வரை கருகியது. கட்டையால் தட்டிப் பிரித்தவர் அப்பா. ஷிப்ட் முடிந்து வந்தால், அதே சூப்பர்வைசர் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பேரோடு நிற்கிறான்.

"இன்னாடா, ஆள் உள்ள கீறான்னு போர்டு தொங்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"சும்மா போ பெருசு. செத்தா பூட்டான்?" என்று சிரித்திருக்கிறான்.

அப்பாவின் கை பாக்கெட்டுக்குப் போனது. வழக்கம்போல கத்தியை எடுத்தார், பெஞ்சில் வைப்பதற்கு. "கத்தி எடுக்கறான்டா!" என்று ஒருவன் கத்தினான். இரும்புக் குழாய் பின்மண்டையில் இறங்கியது. விழுந்த பிறகும் மூன்று பேரும் விடவில்லை. தாடையும் விலாவும் நொறுங்கின. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வலது கண் இருந்த இடம் வெறும் சதையாக இருந்தது. ஒன்பது நாள் கிடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.

போலீஸ் எடுத்தபோது கத்தி மடங்கித்தான் கிடந்தது. கீழே விழுந்ததில் மடங்கிவிட்டது என்கிறது எதிர்த்தரப்பு. வீட்டிலிருந்த முப்பத்தாறு கத்திகளையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்தார்கள். ஊர் அப்பாவைக் கத்திக்குத்து ரவுடி என்றது. தற்காப்புக்காக அடித்தோம் என்று சொல்லிக்கொண்டு அந்த மூன்று பேரும் ஜாமீனில் சுற்றுகிறார்கள்.

அப்பா கத்தியை நீட்டவில்லை, எடுத்து வைக்கத்தான் எடுத்தார் என்பது அவரிடம் அடி வாங்கியவர்களுக்கு மட்டுமே தெரியும். கோர்ட்டில் சொல்கிறோம் என்றதும் சித்தப்பா குதித்தார். "செத்த மனுசனப் போயி பொண்டாட்டிய அடிச்சவன்னு சொல்லுவீங்களா? மானம் போவும்மா!"

"மானத்த வச்சிக்கினு இன்னா பண்றது சித்தப்பா? கொன்னவனுங்க வெளிய சுத்தறானுங்க" என்றேன்.

அம்மா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், "இவ்வளவு அடிச்சவர் கத்தி எடுக்க மாட்டாரா?" என்று மடக்கினார்.

"என்ன அடிச்சப்போ ஒருநாளும் அவர் கையில கத்தி இல்ல சார். இருந்திருந்தா நான் இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்டேன்" என்றார் அம்மா. அடுத்த வாய்தாவில் சித்தப்பா தாமாகவே ஏறி, சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார்.

ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்த அக்கம்பக்கத்தாருக்கும், கட்டுப்போட்ட கைகளோடு தகனத்துக்கு வந்து நின்ற சேகர் அண்ணனுக்கும், மானத்தை விட்டுச் சாட்சி சொன்ன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு நன்றியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டு ஆட்கள் சாட்சி மட்டும் போதாது, வெளியாட்கள் வேண்டும் என்கிறார் அரசு வக்கீல். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பஸ் ஸ்டாண்டிலும் அப்பாவிடம் அடி வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து வாருங்கள். அடித்தார் என்று சொல்லுங்கள். வெறுங்கையால் அடித்தார் என்று சொல்லுங்கள். அவர்மேல் இன்னும் கோபம் இருப்பவர்கள் அந்தக் கோபத்தோடேயே வரலாம். அம்மாவும் அப்படித்தான் வந்தார்.