ஜன்னலைச் சாத்திச் செய்த சிக்கன் நூடுல்ஸ்

அவள் டப்பாவைத் திறந்ததும் நான்கு ஸ்பூன்கள் ஒரே சமயத்தில் உள்ளே போயின. ஆழ்வார்பேட்டையில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசை. டப்பாவில் சிக்கன் நூடுல்ஸ். இழை இழையாக, கோஸும் கேரட்டும் நிறம் மாறாமல். என் தயிர்சாதத்தை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாமும் செய்தால் என்ன என்று அந்த நொடியில்தான் தோன்றியது. பசியெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல்.

அவள் எனக்கு அடுத்த நாற்காலிக்காரி, கடற்கரையோர நொச்சிக்குப்பத்துப் பெண். வேலையிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. சரி, பொறுத்துக்கொண்டேன். சமையலிலுமா?

அந்த ஞாயிறே இறங்கிவிட்டேன். ஐந்து வீடியோ பார்த்தாயிற்று. சோயா சாஸ், வெங்காயத்தாள், எலும்பில்லாத கோழி எல்லாம் வாங்கியாயிற்று. ஒரே சிக்கல், என் மேற்கு மாம்பலம் வீடு. மாடியில் வீட்டுக்கார மாமி. அசைவம் சமைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் சாவியே வாங்கியிருந்தேன். ஆகவே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, புகை எழாதபடி அடுப்பைச் சிம்மில் வைத்து, வாணலியையும் மூடினேன். ஊதுவத்தி வேறு. திறந்து பார்த்தால், கோழி விட்ட தண்ணீரில் நூடுல்ஸ் ஊறி ஒரே பந்து.

மறுநாள் அதையும் வெட்கமில்லாமல் எடுத்துப்போனேன். அவள் ஒரு வாய் போட்டாள்.

"இன்னாடி இது, சேமியா உப்புமாவுல கோழி வுழுந்துட்ச்சா? ஊதுவத்தி வாசனை வேற வருது!"

மேசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"நீ எப்படித்தான் பண்றே?"

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா, பாரு."

போனேன். வாசலை ஒட்டி அடுப்பு. கடல் காற்றுக்கு ஒரு தகரம் மறைப்பாக. கதவு விரியத் திறந்திருந்தது. வேகவைத்த நூடுல்ஸ் எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆறிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டி புகைந்த பிறகுதான் கோழியைப் போட்டாள். அது வெந்ததும் எடுத்துவைத்துவிட்டுக் காய்கள், பிறகு நூடுல்ஸ், மறுபடி கோழி. எல்லாம் முழுத் தீயில்.

"மூடவே மாட்டியா?"

"மூடுனா வேர்த்துப்பூடும். நீ இன்னா, கொழம்பா வெக்கிற?"

"வாசனைக்குப் பக்கத்துல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"சொல்லுவாங்களே. தட்ட எடுத்துக்கினு வந்து, எனக்கு எங்கன்னுவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா தட்டோடு நின்றார். அவள் கைப்பக்குவத்தின்மேல் இருந்த என் பொறாமை இப்போது அந்தத் திறந்த கதவின்மேலும் ஏறிக்கொண்டது.

"அடுத்த ஞாயிறு இந்த அடுப்பை எனக்கு ஒரு மணி நேரம் குடுப்பியா?"

"சிக்கன் நீ வாங்கிக்கினு வந்தா குடுப்பேன்."

"நீ கரண்டியத் தொடக்கூடாது."

"ஐய, தொட மாட்டேன் போடி!"

கோழியை முதல்நாளே மெலிதாக நறுக்கி வைக்கப்போகிறேன். நூடுல்ஸைக் காலையிலேயே ஆறப்போடுவேன். அப்புறம் முழுத் தீ, மூடி கிடையாது. எதிர்வீட்டு அக்கா என்னிடம் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறாரா, பார்க்க வேண்டும்.