திரும்பி வந்தவளைச் சாகடிக்கச் சொன்னார்கள்

காலை ஏழரை மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். புதுக்கோட்டையிலிருந்து முப்பத்து மூன்று மைலும் நின்றபடியே பயணம். வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். ஸ்ரீரங்கத்துக்குப் பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடும் பஸ், இரண்டணா. காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஒரு முறை மூச்சடங்கி நின்றுவிட்டு, பிறகு நகர்ந்தது.

ஒன்பது மணிக்கு உத்தர வீதியில் பதிப்பாளர் வீடு. என் நாவலைப் பற்றிப் பேச வரச்சொல்லியிருந்தார். ரங்கூன் அரிசி மில்லில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவன் நான். என்னோடு நடந்த உறையூர்ச் செல்லம்மாள்தான் என் கதாநாயகி. அவள் புருஷன் அதே மில்லில் மூட்டை தூக்கியவன். வழியில் வாந்திபேதியில் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு, நாலு வயது மகளைத் தோளில் சுமந்து மலை தாண்டினாள்.

"நன்னா எழுதியிருக்கேள். அவ அழற இடத்துல நேக்கே கண்ணுல ஜலம் வந்துடுத்து" என்றார் பதிப்பாளர். "ஆனா கடைசியில அவ செத்துடணும். ஆம்படையானைக் காட்டுல விட்டுட்டு வந்து ஆப்பக்கடை போட்டாள்னா, குடும்பத்துல இருக்கறவா எப்படிப் படிப்பா?"

எனக்குக் காது சுட்டது. "அவ உயிரோட இருக்காளே!"

"இருக்கட்டும். கதைக்கு ஒத்துவராது. மாத்திக் கொடுங்கோ, அடுத்த மாசமே அச்சுக்குப் போயிடும்."

வெட்கத்தோடு எழுதுகிறேன்: "யோசிச்சுச் சொல்றேன்" என்று பிரதியை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

பதினொன்றரைக்கு ஜட்காவில் உறையூர். தறிச் சத்தம் நிறைந்த தெருமுனையில் செல்லம்மாளின் கடை. "வாங்கண்ணே" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சாவணுமாமா? என் மாமியா வீட்டுலயும் இதையேதான் கேட்டாங்க. 'அவன் போயிட்டான், நீ மட்டும் எப்படி வந்தே'ன்னு. யோசிச்சுச் சொல்றேன்னு வந்திருக்கீங்களே, நீங்க எங்கூட நடந்தவருதானே?"

பையிலிருந்து பிரதியை எடுத்தேன். புருஷனைப் புதைத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

"குழி மேல விழுந்து அழுதேனா? யாரு சொன்னா? தண்ணி இல்லாத எடத்துல அழுதா தாகம் எடுக்கும்ண்ணே. மண்ணைத் தள்ளுனேன், புள்ளையைத் தூக்குனேன், நடந்தேன். அவ்வளவுதான்."

ஆக, பதிப்பாளர் கண்ணில் நீர் வரவழைத்தது என் பொய். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது.

மூன்று மணிக்கு மறுபடி ஸ்ரீரங்கம். உட்காராமலே சொன்னேன்: "அவ சாகமாட்டா."

"அப்போ வேற இடம் பாருங்கோ."

"பார்க்கறேன்."

ஐந்தரை மணி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரங்கூனில் எங்களை அந்நியர் என்றார்கள். அது அவர்கள் ஊர், சொன்னார்கள். சொந்த ஊரோ, உயிரோடு ஏன் வந்தாய் என்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்து அவள் அழுத வரிகளை அடித்தேன். பென்சில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.